கோலுக்கு முன்னால் நின்றவர்

சாப்பாட்டு அறையில் திரைக்கு நேர் எதிரே தலைமைப் பயிற்சியாளர் ஹரிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்புறம், கொடியை மடியில் வைத்தபடி துணை நடுவர் ராஜகுமாரி. சன்னலை ஒட்டிய பெஞ்சில் உள்ளூர் ஆட்டக்காரர்கள் இருவர்: காலைப் பயிற்சி ஆட்டத்தில் கோல் போட்ட முகேஷ், அதை விட்ட கோல்கீப்பர் ஞானவேல். முகாம் செயலாளரான நான் லேப்டாப்புக்குப் பக்கத்தில். மற்ற நடுவர்கள் குளிக்கப் போயிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஆசிய மகளிர் போட்டிக்கு நடுவர்களைத் தயார்செய்யும் முகாம் அது. உயரத்தில் ஓடிப் பழகினால் கீழே மூச்சு வாங்காது என்று செண்பகனூருக்கு மேலே இந்த மைதானத்தைப் பிடித்திருந்தோம். பழனியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் ராஜகுமாரிக்கு வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. தேர்வாவதற்குக் காலை ஆட்டமே கடைசி வாய்ப்பு. அதில்தான் கொடி தூக்க வேண்டிய நேரத்தில் தூக்காமல் நின்றார்.

விதி எளிது. சக ஆட்டக்காரர் பந்தை உதைக்கும் நொடியில், முன்னால் நிற்பவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் இருவராவது இருக்க வேண்டும், கீப்பரையும் சேர்த்து. இல்லையென்றால் ஆஃப்சைடு, கொடி உயர வேண்டும்.

வீடியோவை ஓட்டினேன். பந்து கிளம்பும்போது முகேஷுக்கு முன்னால் ஞானவேல் மட்டுமே இருந்தார்.

“அக்கா கொடியப் பழனியிலயே வச்சிட்டு வந்துட்டாங்க போல,” என்றார் ஞானவேல்.

ஹரிகிருஷ்ணன் சிரிக்கவில்லை. “பனி மறைச்சிருச்சுன்னு எழுதிக் குடும்மா. அந்த மாதிரி பிழைக்கு மார்க் குறைக்க மாட்டாங்க.”

“மறைக்கலையே சார். கீப்பர் ஒருத்தர், அவருக்கு முன்னால வெள்ளச் சட்டை போட்டவரு ஒருத்தர். ரெண்டு பேரு இருக்கையில எதுக்குக் கொடி?”

அணிகளுக்கு மஞ்சளும் நீலமுமாகப் பனியன் கொடுத்தது நான்தான். வெள்ளை யாருக்கும் இல்லை.

மறுபடி ஓட்டினேன். கீப்பருக்கு முந்திய ஆளுக்கு நேராகவே துணை நடுவர் கோட்டோரம் ஓட வேண்டும். ராஜகுமாரி வெறும் புல்லுக்கு நேராக நின்றார். இரண்டடி முன்னே வந்தார், நின்றார், பின்வாங்கினார். எதனோடோ சேர்ந்து நகர்வது போலிருந்தது.

ஹரிகிருஷ்ணன் முகேஷின் பக்கம் திரும்பினார். “கோல் தொறந்து கெடக்கு. நேரா அடிக்காம ஏன் வளைஞ்சு ஓடுன?”

“ஆளு நின்னாருல்ல சார். ஏண்ணே, நீதானே ‘எடப்பக்கம் நில்லு’ன்னு அவர்ட்டக் கத்துன?”

ஞானவேலின் கேலி போய்விட்டது. “கத்துனேன். நம்ம பசங்கள்ல யாரோன்னு நெனச்சேன். சொன்ன எடத்துல போய் நின்னாரு சார்.”

சத்தத்தைக் கூட்டினேன். ‘எடப்பக்கம் நில்லு’ தெளிவாகக் கேட்டது. அதையடுத்து யாரோ ‘சரி’ என்றது போலவும் இருந்தது. மறுபடி போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

“தேர்வுக் குழுவுக்கு வீடியோதான்மா கணக்கு. பனின்னு ஒரு வரி போட்டா நீ போயிருவ,” என்றார் ஹரிகிருஷ்ணன். குரல் இறங்கியிருந்தது.

“பாத்ததப் பாக்கலைன்னு எழுதிட்டுப் போனா, அங்க நான் தூக்குற கொடிய நானே நம்ப மாட்டேன் சார்.”

அவர் சன்னலைப் பார்த்தார். கோல் கம்பத்தின் மேல்பாதி மட்டும் பனிக்கு வெளியே தெரிந்தது.

“அப்ப மூணு பேரும் பாத்தத அப்படியே எழுதுங்க, செயலாளரே. அடியில நானும் கையெழுத்துப் போடுறேன்.”

வீடியோவில் கீப்பர் மட்டும். மைதானத்தில் இருந்தவர்கள் கண்டது இருவரை. கண்டதற்கேற்ப எடுத்த முடிவு விதிப்படி சரி என்று எழுதினேன். ராஜகுமாரி ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். மதிப்பெண் அறிக்கையை முத்திரையிட்டுத் தபாலில் அனுப்புவதே எங்கள் வழக்கம். உறையை ஒட்டி, மடிப்பில் அரக்கு வைத்தேன்.

“ரோட்டச் சுத்திப் போங்க,” என்றார் ஹரிகிருஷ்ணன்.

தபால் கட்டும் நேரம் நெருங்கிவிட்டதால் மைதானத்தில் இறங்கிக் குறுக்கே நடந்தேன். புல்வெளியில் யாரும் இல்லை. கோலுக்கு முன்னால் வந்தபோது என் கால்கள் தாமாக வளைந்து விலகின. “கொஞ்சம் வழி விடுங்கண்ணே,” என்று வாயும் சொல்லிவிட்டது.

என்னையும் சேர்த்தால் நான்கு பேர். ஆனால் உறை ஒட்டியாகிவிட்டது.

“வெரசா வரக் கூடாதா சார், பையக் கட்டப் போயிட்டேன்,” என்றபடி அஞ்சலகப் பெண் உறையை எடை போட்டு, முத்திரை குத்தி, பைக்குள் போட்டார்.