பார்வையாளர் வாய் திறக்கக் கூடாது

"உள்ள போனதும் வாயைத் தச்சுக்கோ, நெட்ரா. தும்மல் வந்தாக்கூட அடக்கிக்கணும்" என்றாள் அக்கா. வீட்டிலிருந்து கிளம்பியது முதல் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். மலைப் பாதை முடிந்து நெடுஞ்சாலை வந்த பிறகும் விடவில்லை.

"தும்மினா என்ன, ஜெயில்ல போட்டுருவாங்களா?"

"என் விண்ணப்பத்தைத் தூக்கிக் குப்பையில போட்டுருவாங்க. விதியை எடுத்துப் படிச்சுக் காட்டவா?"

"வேணாம் தாயே. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

மாநிலக் கலைஞர் பட்டியலுக்கு ஆள் எடுக்க நடுவர்கள் கூடிப் பேசுவதை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். விண்ணப்பித்த கலைஞரும் வரலாம். ஆனால் பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, முனகக் கூடாது. மீறினால் விண்ணப்பம் செல்லாது. அதன்பின் மூன்று வருடத்துக்கு அந்தப் பக்கமே வர முடியாது. ஒருத்தியின் பிழைப்பை மூன்று பேர் அவள் கண்ணெதிரே கூறு போடுவார்கள், அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இந்த விதியை எழுதிய புண்ணியவான் ஒருநாளாவது என் பியூட்டி பார்லரில் வந்து உட்கார்ந்திருந்தால், பெண்களை வைத்து இப்படியெல்லாம் சோதனை செய்யக் கூடாது என்று தெரிந்திருக்கும்.

என் அக்கா ஆர்லீனா கைப்பொம்மைகளை வைத்துக் கதை சொல்பவள். கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைகளில் அவள் போகாத பள்ளிக்கூடமும் நூலகமும் இல்லை. பார்லருக்கு விடுமுறை விடும் நாட்களில் வேன் ஓட்டுவதும் ஒலிபெருக்கியைத் தூக்குவதும் நான்தான். போன வருடம் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு மாநிலக் கலைஞர் பட்டியலில் பெயர் உள்ளவர்களைக் கூப்பிட்டால் பாதிச் செலவை அரசாங்கமே தரும் என்று வந்தது. அதற்கப்புறம் பட்டியலில் இல்லாதவளை எவன் கூப்பிடுவான்? "உங்க மேல எங்களுக்கு ரொம்ப மரியாதைங்க, ஆனா பட்டியல்ல உங்க பேரு இல்லையே" என்று ஒவ்வொரு பள்ளியாகக் கழன்றுகொண்டது. முதல் முறை விண்ணப்பித்தாள், தள்ளிவிட்டார்கள். இரண்டாம் முறை, ஒலி சரியில்லை என்றார்கள். இது மூன்றாவது.

எங்கள் ஊர் மருத்துவமனை வரவேற்பு மேசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

"இன்னைக்கு இல்லன்னா பொம்மையெல்லாம் பரண்ல ஏத்திட வேண்டியதுதான்" என்றாள் அக்கா, ஏதோ குளிர்காலச் சட்டைகளைப் பற்றிப் பேசுவதுபோல. அவள் அழுதால் எனக்கு ஒன்றும் ஆகாது. இப்படி நிதானமாகப் பேசினால்தான் எனக்குப் பயம்.

மாநிலத் தலைநகரான ஃப்ராங்க்ஃபர்ட்டில் அந்தக் கூடம் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறை போலத்தான் இருந்தது. முன்னால் நீள மேசை, அதில் மூன்று நடுவர்கள். வெள்ளிச் சடை போட்ட நடன ஆசிரியை ஒருவர், பாஞ்சோ வாசிக்கும் பெரியவர் ஒருவர், கழுத்தில் பட்டு மஃப்ளர் சுற்றிய நாடகக்காரர் ஒருவர். பக்கத்தில் கூட்டத்தை நடத்தும் அதிகாரி டாலிவர். எதிரே பெரிய திரை. பின்னால் எங்களைப் போன்றவர்களுக்கு இரும்பு நாற்காலிகள். ஆளுக்கு இரண்டு நிமிடக் காட்சிதான் போடுவார்கள், தொடக்கத்திலிருந்து. அதைப் பார்த்து விவாதித்து, மதிப்பெண்ணைச் சீட்டில் எழுதி டாலிவரிடம் கொடுப்பார்கள்.

முதலில் வந்தது ஒரு ஃபிடில் ஜோடி. திரை ஒளிர்ந்ததுமே வில் நரம்பில் ஏறிவிட்டது. அடுத்தவர் கால்தாளம் போட்டு ஆடுபவர். அவரும் முதல் நொடியிலேயே துள்ளிக்கொண்டுதான் வந்தார். எல்லோரும் முன்பகுதியை வெட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள்!

இதற்காக அக்காவோடு நான் ஒரு வாரம் சண்டை போட்டிருந்தேன். வெட்டாத, ஒட்டாத காட்சியாக இருக்க வேண்டும் என்று விதி சொன்னது. நடுவில் வெட்டக் கூடாது என்றுதான் அதற்கு அர்த்தம், தொடக்கத்தில் இருக்கும் வெட்டிப்பேச்சைக் கழிக்கலாம் என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

"வெட்டக் கூடாதுன்னா வெட்டக் கூடாது. எனக்குத் தகுந்த மாதிரி நான் அர்த்தம் பண்ணிக்க மாட்டேன்" என்று முடித்துவிட்டாள். அவள் அப்படித்தான். ஆளே இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பவள்.

"அடுத்து, ஆர்லீனா கேஹார்ட், கைப்பொம்மைக் கதை" என்றார் டாலிவர்.

திரையில் கேனி ஃபோர்க் தொடக்கப்பள்ளி விளையாட்டுக்கூடம். நடுநாயகமாகத் தலைமையாசிரியர் ஹப்பர்ட், கையில் மைக். பின்னால் ஓரமாக அக்காவின் சின்ன மேடை, அதற்குப் பக்கத்தில் அக்கா, கையில் பெர்னிஸ் என்ற வாத்துப் பொம்மை.

"பிள்ளைங்களா, முதல்ல ஒரு அறிவிப்பு" என்று ஆரம்பித்தார் ஹப்பர்ட்.

அறிவிப்பா அது? நாலாம் நம்பர் பேருந்து இனி பின்வாசலில் நிற்கும். மேல்சட்டைகளைத் தொலைத்தவர்கள் அலுவலகத்தில் வந்து பார்க்கவும். மேசைக்கு அடியில் சூயிங்கம் ஒட்டியது யார் என்று தனக்குத் தெரியும். மனுஷன் நிறுத்துவதாக இல்லை. எங்கள் இரண்டு நிமிடம் கரைந்துகொண்டிருந்தது. நல்ல மனிதர்தான், ஆனால் அந்த நேரத்தில் அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போல எனக்கு வந்தது. "முன்னால ஓட்டுங்கய்யா!" என்று கத்த வாய் துடித்தது. அக்கா என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

நாடகக்காரர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது நடன ஆசிரியை மேசைமேல் குனிந்தார். "அந்த மூலையைப் பாருங்க" என்றார்.

சுவரோரம் ஒரு மேசைக்கு அடியில் ஒரு சின்னப் பெண் சுருண்டு கிடந்தாள். ஹப்பர்ட்டின் மைக் ஒவ்வொரு முறை கிறீச்சிடும்போதும் காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்து அழுதாள். சத்தம் மைக்கில் அடிபட்டுப்போனது. ஆசிரியை ஒருவர் அவளை வெளியே இழுக்க வந்தார். அக்கா வேண்டாம் என்று கை காட்டினாள். பிறகு அக்காவின் கையிலிருந்த வாத்தும் இரண்டு இறக்கையாலும் தலையைப் பொத்திக்கொண்டது. அந்தப் பெண் எவ்வளவு பயந்திருந்தாளோ அவ்வளவு பயத்தோடு.

குழந்தை பார்த்தாள். வாத்து ஓர் இறக்கையைக் கொஞ்சமே கொஞ்சம் விலக்கி எட்டிப் பார்த்தது. மைக் மறுபடி கத்தியது, வாத்து சட்டென்று பொத்திக்கொண்டது. குழந்தையும் பொத்தினாள். மறுபடி வாத்து ஓர் இறக்கையை எடுத்தது. குழந்தை ஒரு கையை எடுத்தாள். ஹப்பர்ட் காலணிக் கயிற்றைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கூடத்தில் ஒரு பிள்ளையும் அவரைப் பார்க்கவில்லை. காட்சி நின்றபோது அந்தப் பெண் இரண்டு கையையும் இறக்கி, மேசைக்கு அடியிலிருந்து பாதி வெளியே வந்திருந்தாள்.

அன்றைக்கு நானும் அங்கேதான் ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் காட்சியைப் பார்த்தபோதும் ஹப்பர்ட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

"கதையையே பார்க்கலையே நாம" என்றார் பாஞ்சோ பெரியவர்.

"இதுக்கு மேல என்ன கதை வேணும் உங்களுக்கு?" என்றார் நடன ஆசிரியை. "ஒரு வார்த்தை பேசல. எனக்கு இதுவே போதும்."

நாடகக்காரர் சிரித்தார். "அட, இது சுத்தமா ஒத்திகை பார்த்ததுங்க. அறிவிப்புக்காரர், அழற பொண்ணு, எல்லாமே செட்டப்பு. இவ்வளவு கச்சிதமா எந்தக் குழந்தையும் தானா செய்யாது. நான் குறை சொல்லல. பிரமாதமா இயக்கியிருக்காங்க."

அக்காவின் விரல்கள் என் முழங்காலில் இறுகின. நான் அவள் கைமேல் என் கையை வைத்தேன். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், பாராட்டாகத்தானே சொல்கிறார்! உன் பெயர் ஏறட்டும், பேசாமல் இரு, பேசாமல் இரு என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

மூன்று பேரும் எழுதினார்கள். டாலிவர் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். அவர் புருவம் உயர்ந்ததை நான் கண்டேன். ஆகிவிட்டது, ஆகியேவிட்டது!

"அந்தப் பொண்ணை இன்னொரு தடவை காட்டுங்க, முதல்ல அழுவாளே, அங்க" என்றார் நாடகக்காரர். திரையை இயக்குபவர் காட்சியைப் பின்னால் ஓட்டி நிறுத்தினார். கொஞ்சம் பெரிதாக்கவும் செய்தார். சுவரளவு திரையில் அந்தக் குழந்தையின் முகம் மட்டும் நின்றது. கோணிப்போன வாய், வழியும் மூக்கு, இறுக மூடிய கண்கள்.

"அந்த மூஞ்சியைப் பாருங்களேன்! இதுக்கே தனியா ஒரு மார்க் கொடுக்கலாம். யாரு பெத்த நடிகையோ!"

கூடமே சிரித்தது. ஃபிடில் ஜோடி சிரித்தது, பாஞ்சோ பெரியவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் எனக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வந்திருக்கும்.

பக்கத்து நாற்காலி தரையில் உரசியது. அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அதை எடுத்துடுங்க" என்றாள்.

சிரிப்பு அப்படியே நின்றது. நான் அவள் ஸ்வெட்டரைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அவள் அசையவில்லை.

"அம்மா, தயவுசெஞ்சு உட்காருங்க" என்று டாலிவர் பதறினார். "பார்வையாளருங்க பேசக் கூடாதுன்னு..."

"தெரியுங்க. விதி எனக்குத் தெரியும். முதல்ல திரையை அணைங்க. அந்தக் குழந்தை நடிக்கலைங்க. பயந்துபோய்க் கெடக்கு. பயந்து அழற புள்ளையை இப்படி மாட்டிவச்சுச் சிரிக்காதீங்க."

நாடகக்காரர் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டார். நடன ஆசிரியைதான் இயக்குபவரைப் பார்த்துத் தலையசைத்தார். திரை இருண்டது. அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

நடைவழியில் டாலிவர் ஓடிவந்து எங்களைப் பிடித்தார். நல்ல மனிதர், முகம் சிவந்திருந்தது.

"நான் இதைச் சொல்லக் கூடாதும்மா. ஆனா சொல்லாம இருக்கவும் மனசு வரல. மார்க் என் கைக்கு வந்துருச்சு. உங்க பேரு பட்டியல்ல சேர்ந்துதான் இருந்துச்சு. நீங்க எந்திரிக்கற வரைக்கும்."

"அப்போ சேர்ந்தது சேர்ந்ததாவே இருக்கட்டுமே!" என்றேன் நான். வாயைத் தைத்த தையலெல்லாம் ஒரே நொடியில் பிரிந்தது. "மார்க் போட்ட பிறகுதானே பேசினா? அதுல என்னங்க பேசி மாத்த இருக்கு?"

"கூட்டம் முடியற வரைக்கும்னு விதியில இருக்கும்மா. இத்தனை பேரு பார்த்திருக்காங்க. நான் விட்டா நாளைக்கு வேறொருத்தர் வந்து கேட்பார்."

"கேட்டா என்ன குடி முழுகிடும்?"

"விடு நெட்ரா" என்றாள் அக்கா. "அவர் சொல்றது சரிதான்." டாலிவரின் கையைப் பிடித்து நன்றி வேறு சொன்னாள். எனக்கு அவளை உலுக்க வேண்டும் போல இருந்தது.

வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டேன். "உனக்குப் பைத்தியமா? இன்னும் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் பல்லைக் கடிச்சுட்டு இருந்தா அடுத்த ஆளோட படத்தைப் போட்டிருப்பாங்க. அவங்களே எடுத்திருப்பாங்கடி!"

"அந்த ஒரு நிமிஷமும் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரிச்சிட்டு இருந்திருப்பாங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க! அந்தப் பொண்ணு அங்க இருந்தாளா? அவளுக்கு இது எப்பவாவது தெரியப் போகுதா?"

"நான் இருந்தேனே" என்றாள்.

"மூணு வருஷம் ஆர்லீனா! மூணு வருஷம்! யாரோ சிரிச்சாங்கன்னு..."

"யாரோ இல்ல" என்றாள் அக்கா. கோபமே இல்லை அவள் குரலில். "நீயும்தான் சிரிச்சே, நெட்ரா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இடைவேளைக்கு வெளியே வந்த ஃபிடில் ஜோடி வாகன நிறுத்தத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. அவர்கள் விண்ணப்பம் இன்னும் உயிரோடு இருந்தது. அவர்கள் மேல் எனக்குப் பொறாமைகூட வரவில்லை. அந்தக் குழந்தையின் முகம்தான் கண்முன் வந்து நின்றது. அதில் சிரிக்க என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அக்கா பையிலிருந்து போனை எடுத்து, சீட்டில் எழுதி வைத்திருந்த எண்ணை நிதானமாக அழுத்தினாள்.

"வணக்கங்க. ஆர்லீனா கேஹார்ட் பேசறேன். வரவேற்பு மேசை வேலைக்கு இன்னைக்குள்ள சொல்லச் சொன்னீங்களே... ஆமாங்க. திங்கட்கிழமை வந்துடறேன்."

போனை வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டாள். "கிளம்பலாம்" என்றாள். சாவி என் கையில்தான் இருந்தது. வெகுநேரம் அதைத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை.