வாப்பா புள்ளி வைத்த ஓடுகள்

கலியாணம் முடித்த நாளைக் கொண்டாடுவது என்றொரு சங்கதி இருப்பதே அதுவரைக்கும் கல்முனைக்குடியில் யாருக்கும் தெரியாது. கலியாணத்தைக் கொண்டாடுவார்கள், அதுவும் மாப்பிள்ளை வீட்டார் கேட்டதெல்லாம் கிடைத்திருந்தால். பிறகு அந்தத் தேதியை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? ஆகவே புடவைக்கடை பளீல் ஒரு நாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, வருகிற கிழமை நம்முடைய கலியாண நாள் வருகிறது, ரெண்டு பேரும் எங்கேயாவது ஒதுக்குப்புறமாகப் போய்த் தங்கிவிட்டு வருவோம் என்று சொன்னபோது, அவன் பெண்சாதி சுல்பிகா முதலில் செய்தது அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததுதான். காய்ச்சல் இல்லை.

எல்லாம் கொழும்பு கொடுத்த புத்தி என்று அவளுக்குத் தெரியும். வெளிநாட்டுச் சரக்குக்கு நாட்டின் கதவைத் திறந்துவிட்ட பிறகு மாதாமாதம் சரக்கெடுக்கப் புறக்கோட்டைக்குப் போய் வந்தான் பளீல். ஜப்பான் சேலை வந்த பெட்டியிலேயே இந்த மாதிரி யோசனைகளும் வந்து இறங்கின.

சுல்பிகா வியாபாரி வீட்டுப் பிள்ளை. கோமாரியில் தென்னந்தோட்டமும், ஓலை முடைந்த கிடுகு வியாபாரமும் வைத்திருந்த மீராமுகைதீனின் மூத்த மகள். கேட்காமலே விலையைக் குறைக்கிற ஆளைக் கண்டால் அவளுடைய வாப்பா பொருளை ரெண்டு தரம் புரட்டிப் பார்ப்பார். அந்தப் பழக்கம் அவளுக்கும் உண்டு. ஆனால் அன்றைக்கு அவள் எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. ஆசையாக ஒரு மனிதன் கூப்பிடுகிறான். அதிலும் வியாபாரம் பார்த்தால் எப்படி?

பக்கத்து வீட்டு நதீரா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "காட்டுக்கா போறீங்க ராத்தா? யானை நிக்கிற இடத்துக்கு ஒரு புருஷன் பொண்டாட்டியக் கூட்டிப் போறான் எண்டா ஒண்டு ஆசை, இல்லாட்டி அலுப்பு" என்றாள்.

"ஆசைதான் புள்ள" என்றாள் சுல்பிகா. சொல்லும்போதே வெட்கம் வந்தது. வளர்ந்த ரெண்டு ஆண்பிள்ளைகளுக்குத் தாய், புதுப்பெண் போலச் சீலை மடித்தாள்.

பிள்ளைகளைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, வாடகைக் காரில் கிட்டங்கி ஆற்றைத் தாண்டிச் சவளக்கடை வரைக்கும் போனார்கள். அங்கிருந்து கார் போகாது. செல்லத்தம்பி என்பவர் உழவு மெஷினும் அதன் பின்னால் கொழுவிய பெட்டியுமாகக் காத்துக்கொண்டு நின்றார். வயலெல்லாம் அறுப்புக்கு வந்து பழுத்துக் கிடந்தது. வரப்போரப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய், வயல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் மெஷின் நின்றது.

பாலை, வீரை மரங்கள் அடர்ந்த நிழலுக்குள் ஒரு சின்ன வீடு. வெள்ளை அடித்து, ஓடு போட்டு, முற்றம் கூட்டிச் சுத்தமாக இருந்தது. தன் சிநேகிதன் ஒருவன் வயற்காவலுக்காகக் கட்டிய வாடி என்று பளீல் சொல்லியிருந்தான். காவல் வாடி இவ்வளவு வடிவாக இருக்குமா என்று சுல்பிகா நினைத்தாள். எங்கேயோ ஒரு மயில் கத்தியது. அதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

பளீல் அன்றைக்கு ஆளே மாறிப்போனான். தானே தண்ணீர் அள்ளினான். தானே தேத்தண்ணி ஊற்றி, சீனி போதுமா என்று வேறு கேட்டான். வீட்டில் கோப்பையை இருந்த இடத்தைவிட்டு நகர்த்தாத மனிதன். கிணற்றடியைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கிடுகு மறைப்புக் கட்டியிருந்தது. அதைக் காட்டி, "உனக்காகத்தான் புள்ள, போன கிழமை ஆளை வெச்சுக் கட்டுவிச்ச" என்றான்.

மறைப்புக்குள் நின்று குளித்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருசத்தில் ஒரு தரமாவது தனக்காக ஒரு கிடுகைக் கட்டியிருக்கிறானா? ஈரக் கையால் அந்த மறைப்பைத் தடவிப் பார்த்தாள். விரல் பட்ட இடத்தில் ஓலை பொடிந்து கொட்டியது.

கிடுகு வியாபாரியின் மகளுக்கு ஓலையின் வயதைச் சொல்ல வெளிச்சம்கூடத் தேவையில்லை. போன கிழமைக் கிடுகில் பச்சை வாசம் இருக்கும், வளைத்தால் வளையும். இது ஒரு மாரி மழையை முழுசாகக் குடித்துச் சாம்பல் நிறமாகிப்போன கிடுகு. கட்டிய கயிறும் அதே வயதுதான். சுல்பிகா வாளியைக் கீழே வைத்தாள். பிறகு புருஷனுக்காகத் தானே வாதாடினாள். பழைய கிடுகு மலிவாகக் கிடைத்திருக்கும், மனிதர் வாங்கியிருப்பார், அவருடைய குணம் அதுதானே. சோதித்துப் பார்க்காமல் ஒரு பொருளை வாங்கியது அவளுடைய வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

நடுப்பகல் லுஹர் தொழுது, கொண்டு வந்த சோற்றைச் சாப்பிட்டு, பளீல் பாயில் சரிந்த கையோடு குறட்டை விட்டான். அவளும் பக்கத்தில் சாய்ந்தாள். அந்த வீட்டுக்கு உட்கூரை இல்லை. ஓட்டு இடுக்குகளால் வெயில் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஓட்டின் அடியில் சிவப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. பூச்சியோ என்று பார்த்தாள். பக்கத்து ஓட்டிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும் ஒன்று. கூரை முழுக்க, ஒவ்வொரு ஓட்டின் வயிற்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி.

சுல்பிகா எழுந்து உட்கார்ந்தாள்.

அவளுடைய கலியாணப் பேச்சில் வீட்டைப் பற்றித்தான் இழுபறி. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, அவளுக்குப் பிறகு அவள் மகளுக்கு. மாப்பிள்ளை சாறனும் சட்டையுமாக வந்து குடியேறுகிறவன். பளீலின் மாமன்மார் வெள்ளிக்கு வெள்ளி வந்து குந்தி, கிடுகு வீட்டில் எங்கள் பொடியன் படுக்கமாட்டான், ஓட்டு வீடு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். ஊருக்கெல்லாம் கிடுகு விற்ற மீராமுகைதீனின் முகத்துக்கு நேரே அதைச் சொன்னார்கள். அவர் கோமாரித் தோட்டத்தில் ஒரு துண்டை விற்று ஓடு வாங்கினார். ஒவ்வொரு ஓட்டையும் தூக்கி, தட்டி, கணீரென்று சத்தம் வந்ததற்கு மட்டும் சிவப்புச் சாயத்தில் விரலைத் தோய்த்து அடியில் ஒரு புள்ளி வைத்தார். வண்டியில் ஏற்றும்போது விற்கிறவன் ஓட்டை மாற்றிவிடக்கூடாதல்லவா? அந்தச் சாயம் விரலைவிட்டுப் போக ஒரு மாதமானது. நிக்காஹ்வின்போது மாப்பிள்ளையின் கையைப் பிடித்த வாப்பாவின் விரல், அவரும் மருதோண்டி போட்டதுபோலச் சிவந்திருந்ததைச் சுல்பிகா கதவிடுக்கால் பார்த்துச் சிரித்தாள்.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் அவளுடைய வீட்டின் முன்பக்கம் தப்பியது. குசினிப் பக்கத்துக் கூரை ஆட்டம் கண்டது. பளீல் ஆளைக் கூட்டி வந்து அந்தப் பக்கத்து ஓட்டையெல்லாம் இறக்கினான். எல்லாம் வெடித்துப்போய்க் கிடக்கிறது, தலையில் விழுந்தால் மௌத்துத்தான் என்று சொல்லி, குப்பையோடு குப்பையாக ஏற்றி அனுப்பிவிட்டுத் தகரம் போட்டான். மட்டக்களப்பு வரைக்கும் தேடியும் ஓடு இல்லையாம். அன்றிலிருந்து அவள் சூளைக்குள் குந்தியிருந்து சமைப்பதுபோலத்தான் சமைக்கிறாள்.

மூலையில் கிடந்த உரலைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, தாழ்வாரத்தின் கடைசி ஓட்டைத் தொட்டாள். சாயம் தூளாக அவளுடைய விரலில் வந்தது. பக்கத்து ஓட்டில் வாப்பாவின் விரல் ரேகைகூட அழியாமல் இருந்தது.

அவனை அவள் உலுக்கி எழுப்பவில்லை. அவன் அஸர் தொழும் வரைக்கும் பொறுத்திருந்து, தேத்தண்ணி ஊற்றிக் கையில் கொடுத்து, எதிரே உட்கார்ந்தாள். அவளுடைய வாப்பா பெரிய பேரத்துக்கு உட்காருகிற விதம் அது.

"இந்த ஊட்டுக்காரி இப்ப எங்க?" என்று கேட்டாள்.

பளீல் கோப்பையை வாயிலிருந்து எடுக்கவில்லை. "எந்த ஊட்டுக்காரி? இது சிநேகிதன்ட வாடியெண்டு சொன்னன்தானே."

"உங்கட சிநேகிதன் குளிக்கக்குள்ள பாக்கிறதுக்கு ஆரு வாறாங்க, மயிலா? காவலுக்கு நிக்கிற ஆம்புளைக்குக் கிணத்தடியில மறைப்பு என்னத்துக்கு? அது ஒரு மாரி கண்ட கிடுகு. கிடுகில எனக்கிட்டப் பொய் சொல்லாதீங்க."

அதற்குப் பிறகு அவன் பொய் சொல்லவில்லை. கெட்டிக்கார வியாபாரிக்கு, சரக்கின் ஓட்டை வாங்குகிறவர் கண்ணில் பட்டுவிட்டால் மறைக்கிற எண்ணம் போய், விலையைக் கதைக்கிற எண்ணம் வரும். ஓம், ஒரு பெண் இருக்கிறாள், பெயர் சபூறா. சூறாவளியில் புருஷனையும் குடிசையையும் பறிகொடுத்தவள், கேட்பதற்கு ஆள் இல்லாதவள். போன நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ் முடித்தது, ஒரு நன்மையை நாடித்தான். இப்போது தாய் வீட்டில் நிற்கிறாள், நாளைக்குப் பின்னேரம் வந்துவிடுவாள். இதைப் பக்குவமாகச் சொல்லத்தான் சுல்பிகாவை இங்கே கூட்டி வந்தது. ஆறுதலாகச் சாப்பிட்டு, ஆறுதலாகக் கதைத்து.

"அதுக்கு அவள்ட ஊடுதானா கிடைச்ச? வேற இடம் எடுத்திருக்கலாமே."

"சும்மா கிடக்கிற ஊட்ட உட்டுப் போட்டு, வாடகைக்கு எடுக்கிறதா?" என்றான் பளீல். அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வேறொரு நாளாக இருந்தால் சுல்பிகா சிரித்திருப்பாள். பத்து ஊர் சிரித்திருக்கும். காலையில் தான் மடித்து வந்த நீலச்சீலையும், கிணற்றடியில் நிறைந்த கண்ணும் ஞாபகத்துக்கு வந்தன. தன்னைத்தானே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

"நான் களவெடுக்கல்ல புள்ள. நிக்காஹ் ஹலால்."

"நிக்காஹ் ஹலால். ஓடு?"

பளீல் தன்னையறியாமல் மேலே பார்த்தான். சுல்பிகா சிவந்த விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நன்மை உங்களுக்கு, ஓடு எங்கட வாப்பாட. நல்ல கணக்கு."

அப்போதுதான் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். கோபத்தில்கூடச் சொல்லவில்லை. நல்ல சரக்கு வீணாகக்கூடாது என்கிற கடைக்காரக் கவலையோடு சொன்னான். "பொம்புளப் புள்ள இல்லாத ஊட்டுக்கு ஓடு என்னத்துக்கு? பொடியனுகள் ரெண்டும் நாளைக்கு வேற ஊட்டுக்குக் குடி போறவனுகள். உனக்குப் பொறகு அதில ஆரு இருக்கிற?"

சபூறாவின் பெயர் இறங்காத இடத்தில் இது இறங்கியது. இத்தனை வருசமும் அவன் படுத்தெழும்பிய வீட்டுக்கு அவன் மனதில் ஆயுள் எப்போதோ முடிந்திருக்கிறது. சுல்பிகாதான் அதைக் கூட்டி, மெழுகி, பெருநாளுக்குப் பெருநாள் வெள்ளையடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"எனக்கிட்ட ஊட்டக் கேட்டு வாங்கினீங்க" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "கிடுகு வேணாம், ஓடு வேணும் எண்டு எங்கட வாப்பாவைக் காணி விக்க வெச்சீங்க. அவளுக்கு நீங்களே கட்டிக் குடுத்திருக்கீங்க. ஒரு ஆம்புள ஒரு பொம்புளைக்கு ஊடு கட்டிக் குடுக்கிறத நான் கேள்விப்பட்டதும் இல்ல. அந்த ஆசை உங்களுக்கு இரிக்கி எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு."

பளீல் விலையை ஏற்றத் தொடங்கினான். குசினிக்குப் புது ஓடு போடுவதாகச் சொன்னான். முழு வீட்டுக்கும் போடுவதாகச் சொன்னான். கொழும்பிலிருந்து காப்பு, காப்போடு சேர்த்து மாலை. அவள் ஒன்றும் கேட்கவில்லை என்பதால் அவனுக்கு எங்கே நிறுத்துவது என்றும் தெரியவில்லை.

பின்னேரம் செல்லத்தம்பி தயிர்ச் சட்டியோடு மெஷினில் வந்து இறங்கினார். சுல்பிகா பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் ஏறினாள். பின்னால் வந்த பளீலைப் பார்த்து, "நீங்க நில்லுங்க. உங்களுக்குத்தான் இப்ப ஊடு இரிக்கே" என்றாள். அவன் ஒரு காலைச் செருப்பிலும் மறுகாலை மண்ணிலும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

பாதி வழி போன பிறகு செல்லத்தம்பி தலையைத் திருப்பாமல், முதலாளி வரவில்லையா என்று கேட்டார். அவர் அவருடைய வீட்டில் நிற்கிறார் என்றாள் சுல்பிகா. மனிதருக்கு விசயம் விளங்கியிருக்க வேண்டும். பிறகு, ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டுமே என்றோ என்னவோ, "அந்த ஓடெல்லாம் இந்தப் பெட்டியிலதான் வந்த, தங்கச்சி. முதலாளி பத்திரம் எண்டு சொன்னவர். வைக்கல் போட்டு ஏத்தின. ஒண்டுகூட உடையல்ல" என்றார்.

ஒன்றுகூட உடையவில்லை. பெட்டியின் இடுக்கில் இன்னும் பழைய வைக்கோல் துரும்பு ஒட்டிக்கொண்டிருந்தது. சுல்பிகா அதைப் பிடுங்கி விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். இதைப் பார்க்க வாப்பா உயிரோடு இல்லை என்பது ஒன்றுதான் அப்போது அவளுக்கு ஆறுதல். அந்த ஆறுதலோடு அழுகையும் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிட்டங்கி கிட்ட வரும்போது கேட்டாள்:

"நாளைக்கு மெஷினுக்கு வேலை இரிக்கா அண்ணன்?"

"அறுப்பு தொடங்கல்ல. இல்ல."

"அப்ப விடியவே ரெண்டு கூலியாளைக் கூட்டிப் போய் அந்த ஓட்ட இறக்கி, இதே மாதிரி வைக்கல் போட்டு எங்கட ஊட்டுக்குக் கொண்டு வாங்க. போகக்குள்ள கோமாரிக் கிடுகு ஏத்தி விடுறன், அந்தக் கூரைக்குப் போதும். புதுக் கிடுகு. அந்தப் பொம்புள வந்து வெயிலுக்குள்ள நிக்கக்கூடா. அவளுக்கு இது ஆர்ட ஓடெண்டு தெரிஞ்சிராது."

"முதலாளி விடுவாரா?"

"ஓட்டில எங்கட வாப்பாட விரல் இரிக்கி. முதலாளிட விரல் எங்கயெண்டு காட்டச் சொல்லுங்க."

செல்லத்தம்பி கூலியைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். கூடத்தான் சொன்னார், குறைத்துக் கேட்பார்கள் என்ற நினைப்பில். மீராமுகைதீனின் மகள் சரி என்றாள். அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஆற்றுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, சிவந்த விரலை உள்ளங்கைக்குள் மடித்துப் பிடித்திருந்தாள்.