சோபா மறைத்த கைகள்

டிவி திரையின் வலது கீழ்மூலையில் விளம்பரம் போட அரை நிமிடத்துக்கு நாலாயிரம் லெவா. சோபாக் கடைக்காரன் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கியிருந்தான். அந்த மூலையில்தான் எலித்ஸாவின் கைகள் இருந்தன.

கணவன் வெலிகோவின் முதுகுக்கு நெதால்கா தலையணை செருகிக்கொண்டிருந்தபோது செய்தி தொடங்கியது. இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேளாது. மகள் எலித்ஸாவுக்குக் கேட்கும். நேரலைச் செய்தியைக் கைகளால் சொல்வது அவள் வேலை.

அணையில் விரிசல் என்றாள். ஜன்னலுக்கு வெளியே ஆறு வாதுமை மரத்தின் இடுப்பைத் தொட்டிருந்தது.

"பயந்துட்டியா, கிழவி?" என்றன வெலிகோவின் விரல்கள். சந்தையில் மிளகாய் விற்ற விரல்கள். மூன்று நாள் என்று கைவிரித்த டாக்டரிடம் ஒரு வாரம் கேட்டுப் பேரம் பேசியவை.

"கையை மடக்கிட்டுப் படுய்யா. மூச்சு வாங்குது."

"உன் பொண்ணப் பாரு. இவ்வளவு பேசுறா, சம்பளம் பேசத் தெரியல."

'கீழ்த்தெருக்காரர்கள் உடனே' என்று எலித்ஸா தொடங்கியதும் திரையின் கீழிருந்து சோபா எழும்பியது. பாதி விலையாம். மகளின் கைகள் அதற்குப் பின்னால் போய்விட்டன. தோள்கள் மட்டும் அசைந்தன. உடனே எங்கே? பாலத்துக்கா? மாடிக்கா?

கட்டில் அதிர்ந்தது. சட்டத்தைத் தட்டித்தான் வெலிகோ கூப்பிடுவான். திரும்பினாள். 'நீ' என்று அவளைச் சுட்டினான்.

இரண்டு பேர் பேசினால் காது இரண்டையும் வாங்கிக்கொள்ளுமாம். கண்ணுக்கு அந்த வசதி இல்லை.

"இரு, ஒரு நிமிஷம்!" உள்ளங்கையை அவன் முன் நீட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

எலித்ஸா நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள். செய்யக் கூடாத காரியம். கைகளைத் தலைக்கு மேல் தூக்கினாள்: "பாலம் வேண்டாம். மேல் மாடிக்குப் போங்க. இப்பவே."

நெதால்கா திரும்பினாள். வெலிகோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் இமைக்கவில்லை. மூச்சும் வாங்கவில்லை.

மேல்வீட்டு ஆண்கள் வாசல் விளக்கை அணைத்தணைத்துப் போட்டுக் கூப்பிட்டபோது தண்ணீர் கதவுக்கடியில் நுழைந்திருந்தது. அவனைப் போர்வையோடு தூக்கினார்கள்.

விடிந்ததும் படகில் வந்தாள் எலித்ஸா. மேல் மாடியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, பேசக் கையை எடுத்தாள்.

"சோபா வந்தப்போ என் கை தெரிஞ்சுதாம்மா?"

"எழுந்தியே, அப்புறம் எல்லாம் வந்துச்சு. உன் பக்கம் ஒண்ணும் பாக்கியில்ல."

"அப்பா ஏதாவது சொன்னாரா?"

நெதால்கா தன்னையே சுட்டிக் காட்டினாள். மகள் காத்திருந்தாள். தாயின் கைகள் மடிக்குத் திரும்பிவிட்டன.

போர்வைமேல் வெலிகோவின் சுட்டுவிரல் மட்டும் மடங்காமல் நீட்டியபடி இருந்தது. 'நீ' வந்து சேர்ந்தது. மீதி, பாக்கி.