பின்னட்டையில் பாதி வரி

வீடியோவில் வினோதா சொன்னது இதுதான்: "சகதியரை இவ்வளவு உயிரோட எழுதத் தெரிஞ்சவரு, எதுக்கு அவங்களைப் பேயாக்கணும்? படிச்சு முடிச்சதும் எனக்குக் கோவம்தான் வந்துச்சு."

புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில், பின்னட்டையில் அச்சாகியிருந்தது இது: "சகதியரை இவ்வளவு உயிரோட எழுதத் தெரிஞ்சவரு! – வினோதா, அடுத்த லெவல் சேனல்."

வினோதாவுக்கு இது தெரியவந்தது கம்பெனி கேன்டீனில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி அது. அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வந்துபோவாள். ரயிலில் படிப்பதெல்லாம் ஒரே வகைப் புத்தகம்: செல்போன் கேம்களை வைத்து எழுதப்படும் மாயக் கதைகள், விண்வெளிக் கதைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைப் பற்றி யூடியூபில் பேசுவாள். 'கேமே ஒரு வெட்டி வேலை, அதுக்கு ஒரு கதை, அந்தக் கதைக்கு ஒரு விமர்சனமா' என்று கேட்காதவர்கள் இல்லை. அவள் பதில் சொல்வதில்லை. கேமில் எதிரிக்கு முகம் கிடையாது, சுட்டால் விழுவான், அவ்வளவுதான். அவனுக்கும் ஒரு வீடு இருந்தது என்று சொல்ல நாவலால்தான் முடியும். அதற்காகத்தான் அவள் படித்தாள்.

'கழிமுகக் கோட்டை' அப்படி ஒரு கேம். துறைமுகத்து இளவரசர்கள் கோட்டையைக் காப்பார்கள். ஏரிச் சேற்றிலிருந்து சகதியர் எழுந்து வருவார்கள். அதை நாவலாக்கியவர் ஜெரால்ட் என்ற எழுத்தாளர்.

அந்த நாவலைத்தான் சுமலதா சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். வினோதாவோடு ஒரே லைனில் வேலை பார்ப்பவள். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துப் பெண். கும்மிடிப்பூண்டியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். அவளுக்குப் படிக்கும் பழக்கமே வினோதாவால் வந்ததுதான்.

"நீ நல்லாருக்குன்னு சொன்னியேன்னுதான் வாங்கினேன்" என்றாள் சுமலதா.

"நான் எங்கடி அப்டி சொன்னேன்?"

சுமலதா புத்தகத்தைத் திருப்பிப் போட்டாள். வினோதா தன் பெயரைப் பார்த்தாள். 

"இத வெட்டிட்டானுங்க. நான் சொன்னது வேற."

"நீ இன்னா வேணா சொல்லியிரு. சேத்தரசன் வர்ற எடம் படிச்சியா?"

படித்திருந்தாள். சகதியரின் தலைவன் சேத்தரசன். இடது காது பாதி கிழிந்தவன். வேட்டைக்கு இறங்குமுன் ஒரு கை தண்ணீர் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அதன்பின் தன் கூட்டத்துக் குழந்தைகளையே பிடித்துக் கடல்பூதத்துக்கு விற்பான். உயிரோடு இருக்கிறது என்று வினோதா சொன்னது அந்தப் பகுதியைத்தான்.

"எங்க நைனாவுக்கு இடது காது பாதி இல்ல. சின்ன வயசுல தூண்டில் மாட்டி கிழிஞ்சது" என்றாள் சுமலதா. "வல எறக்கறதுக்கு முன்னாடி தண்ணிய அள்ளி கண்ணுல ஒத்திக்குவாரு. இத எழுதுன ஆளு எங்க ஊட்டுக்கு வந்தான்டி. எங்க ஏரிக் கழியப் பத்தி புக்கு எழுதறேன்னான். நைனா படகுல ஏத்திக்கினு போய் சுத்திக் காட்டுனாரு. எங்கம்மா நண்டு கொழம்பு வெச்சு போட்டாங்க. துன்னுட்டு, போட்டோ எடுத்துக் குடுத்துட்டுப் போனான்."

சுமலதா தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள்.

ஷிஃப்ட் முடிந்ததும் வினோதா பதிப்பகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் உரிமையாளர் பூவராகவன். பொறுமையாகத்தான் பேசினார்.

"நீங்க சொன்ன வார்த்தைதானே மேடம்? நாங்க ஒரு எழுத்தாவது சேர்த்தோமா?"

"ஆச்சரியக்குறி சேர்த்தீங்க. மிச்சத்த வெட்டுனீங்க."

"பின்னட்டையில இடம் கம்மி மேடம். உங்க சேனலுக்கும் இது விளம்பரம்தானே? அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

பேச்சை அவரே முடித்தார். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வினோதா, வந்த ரயிலில் ஏறவில்லை. ஏமாந்தது அவள் மட்டும் என்றால் பொறுத்திருப்பாள். அவள் பெயரைக் காட்டி ஏமாற்றியது சுமலதாவை அல்லவா.

திருவள்ளூர் புத்தகக் கண்காட்சியில் ஜெரால்ட் வாசகர்களைச் சந்திக்கிறார் என்று விளம்பரம் வந்தது. வினோதா அதை சுமலதாவிடம் காட்டினாள். அதுவரை வேலை விஷயம் தவிர எதுவும் பேசாமலிருந்த சுமலதா, "நானும் வரேன்" என்றாள்.

பஸ்ஸில் போகும்போது வினோதா கேட்டாள். "நைனாக்கு சொன்னியா?"

"படிச்சே காட்டுனேன். அந்தாளு குடுத்த போட்டோவ செவுத்துலருந்து கழட்டிட்டாரு."

பதிப்பகத்தின் ஸ்டால் முன்னால் நாற்காலி போட்டுக் கூட்டம். பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். ஜெரால்ட் மென்மையான குரலில், எதிரிகளுக்கும் மனித முகம் கொடுப்பதுதான் தன் வேலை என்று பேசிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்கலாம் என்றதும் சுமலதா எழுந்து மைக்கை வாங்கினாள்.

"சார், என்ன அடையாளம் தெரியுதா? பழவேற்காடு. தேசப்பன் பொண்ணு."

ஜெரால்டின் முகம் மலர்ந்தது. "தெரியாம இருக்குமா? அப்பா எப்டிம்மா இருக்காரு?"

"உங்க புக்குல கொழந்தைங்கள வித்துக்கினு இருக்காரு."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சுமலதா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

"அது கற்பனைம்மா" என்றார் ஜெரால்ட். "சகதியர் எதிரிங்கறது கேம் கம்பெனி முன்னாடியே முடிவு பண்ணது. அத நான் மாத்த முடியாது. வெறும் சேத்து உருண்டையா இருந்தவங்களுக்கு நான் உயிர் குடுத்தேன். உங்கப்பா மேல இருக்கற மரியாதையிலதான்…"

"மரியாதைன்னா எழுதலாமான்னு ஊட்டுக்கு வந்து கேப்பாங்க சார். காத மட்டும் அறுத்துக்கினு போவமாட்டாங்க. உங்களுக்கு யாரும் உயிர் குடுக்கச் சொல்லல. அது எங்க நைனாகிட்ட இருந்துச்சு, எடுத்தீங்க."

ஜெரால்ட் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். பூவராகவன் மைக்கை வாங்க வந்தார். அடுத்த கேள்விக்குப் போகலாம் என்றார்.

வினோதா எழுந்து நேரே ஸ்டாலுக்குப் போனாள். கையெழுத்துப் போட வைத்திருந்த தடித்த கறுப்பு மார்க்கரை எடுத்தாள். அடுக்கிலிருந்து ஒரு 'கழிமுகக் கோட்டை'யை எடுத்துத் திருப்பி, தன் பெயரையும் அந்தப் பாதி வரியையும் அழித்தாள். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அவசரப்படவில்லை.

"மேடம், இது எங்க சரக்கு. கை வெக்காதீங்க" என்று பூவராகவன் ஓடிவந்தார்.

"பேரு என்னோடது."

"போலீஸக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடுங்க. நான் இன்னா சொன்னேன், நீங்க இன்னா போட்டீங்கன்னு அவங்களுக்கும் படிச்சுக் காட்றேன்."

செக்யூரிட்டி வந்து மார்க்கரைப் பிடுங்குவதற்குள் ஒரு முழு அடுக்கு முடிந்திருந்தது. சுற்றிலும் எல்லார் கையிலும் செல்போன். இரண்டு பேரையும் கண்காட்சி வாசல் வரை கொண்டுபோய் விட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தபோது வினோதாவின் விரலெல்லாம் கறுப்பு. சுமலதா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

கண்காட்சியில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கேம் ஆடுகிறவர்கள் வினோதாவின் சேனலுக்கு வந்து அசிங்கமாகத் திட்டினார்கள். சிலர் ஆதரவாகவும் எழுதினார்கள். ஆனால் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்கவே பலர் புத்தகத்தை வாங்கினார்கள். மூன்றாம் பதிப்பு சீக்கிரமே வந்துவிட்டது. வினோதாவின் வரி அதில் இல்லை. அந்த இடத்தில் வேறொருவரின் பாராட்டு இருந்தது. சேத்தரசன் அப்படியே இருந்தான்.

மழைக்காலம் முடிந்த பிறகு வினோதா வீட்டுக்கு ஒரு கூரியர் வந்தது. இரண்டாம் பாகம். ஜெரால்டே அனுப்பியிருந்தார். படிக்கக்கூடாது என்றுதான் ஓரமாக வைத்தாள். மறுநாள் ரயிலில் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

சேத்தரசன் இதில் திருந்திவிடுகிறான். துறைமுகத்து இளவரசன் மீது பாயும் ஈட்டியைத் தன் நெஞ்சில் வாங்கிச் சாகிறான். இளவரசன் அழுது, அவனுக்குச் சிலை வைக்கச் சொல்கிறான். கோட்டைக்கு வெளியே. கடைசிப் பக்கத்தில் நன்றி: 'சேத்தரசனுக்கு முகம் தந்த பழவேற்காட்டு நண்பர் தேசப்பனுக்கு.'

அந்தப் பக்கத்தைப் படித்த அன்று, இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது வினோதாவுக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த பெண் தோளைத் தட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் பாகத்திலாவது அது தேசப்பன் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இப்போது பெயரையே போட்டுவிட்டார். இதைப் பெரிய மரியாதை என்று அவர் நினைத்திருப்பார் என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

புத்தகத்தை சுமலதாவிடம் கொடுத்தாள். அவள் இரண்டு நாளில் முழுவதும் படித்துவிட்டு வந்தாள்.

"எங்க நைனாவ இன்னாத்துக்கு சாவடிச்சான்?" என்றாள். "அதுவும் அந்த ராஜா ஊட்டுப் புள்ளைக்காக. கேட்டு எழுதுன்னா, கேக்காம பேரையும் போட்டுக்கறானே, இவன் இன்னா மனுசன்?"

"இந்த வாரம் வீடியோ போடறேன். கிழிச்சுடறேன் பாரு."

"நீ வேணாம். நான் பேசறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கம் வந்தாள். வினோதா ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் ஸ்டூலைப் போட்டு, செல்போனை ஸ்டாண்டில் வைத்தாள். இன்னின்ன பேசலாம் என்று சொல்லித்தர வாயெடுத்தவள், சுமலதாவின் முகத்தைப் பார்த்துவிட்டு பட்டனை மட்டும் அழுத்தினாள்.

சுமலதா புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். நேரே செல்போனைப் பார்த்துப் பேசினாள்.

"எம்பேரு சுமலதா. எங்க நைனா பேரு தேசப்பன். அவரு சாவல. இன்னிக்கு காலைல கூட கழிக்குப் போய் எறா புடிச்சுக்கினு வந்தாரு. எந்த ராஜாவையும் அவருக்குத் தெரியாது. இந்தப் புக்க மொத்தமும் படிச்சிட்டேன். மொத அத்தியாயத்துலருந்து வரேன், கேளுங்க."