மேகத்துக்கடியில் ஒரு வளைவு

செய்மதிப் படத்தில் மேகம் மூடிய இடத்தை வெறுமையாக விடவேண்டும். படம் பார்த்து வரைபடம் கீறும் எங்கள் வேலையில் சேர்ந்த அன்றே சொல்லித்தரும் விதி அது. நான் விடவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம், மிசிசாகாவிலிருந்து விட்பியில் வீடு வரைக்கும் கார் ஓடவேண்டும், நினைத்தாலே தலையிடி. ஹட்சன் குடாவுக்குத் தெற்கே கிடந்த ஓர் ஏரியின் கிழக்குக் கரையை என் பாட்டுக்குக் கீறி, அழகுக்கு ஒரு வளைவும் வைத்துச் சேமித்துவிட்டேன். ஆளில்லாச் சதுப்பில் யார் போய் அளக்கப்போகிறார்கள்?

சுலக்சன் போனான். பக்கத்து மேசைக்காரன், பகிடிக்காரன். மிதவை விமானம் அவனை றப்பர் வள்ளத்தோடு அந்த ஏரியிலேயே இறக்கிவிட்டது. அன்றே செய்மதித் தொலைபேசியில் எடுத்தான்.

"பிரதீபாக்கா, நீங்கள் கீறின வளைவு அச்சொட்டாக் கிடக்கு. அதுக்குள்ளைதான் நிக்கிறன்."

எனக்கு உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை மேகமில்லாத படம் வந்தது. அதில் ஏரியே இல்லை. அடியில் உறைந்த நிலம் இளகினால் அங்கே ஏரிகள் வடிந்துபோவதுண்டு. ஆனால் இது வடிந்து பல வாரம் இருக்கும், சேற்றில் புல் முளைத்திருந்தது. அவனைத் திருப்பி ஏற்றப் போன விமானியும் அதையேதான் சொன்னார். கீழே புல், ஆளுமில்லை, வள்ளமுமில்லை. தானே தண்ணீரில் இறக்கிய இடம் அது என்று இரண்டு தரம் சொன்னார்.

பத்து நிமிடத்தில் சுலக்சன் எடுத்தான்.

"அக்கா, தலைக்கு மேலை பிளேன் சுத்துற சத்தம் கேக்குது. வானத்திலை ஒண்டையும் காணேல்லை. கரைக்கு அங்காலையும் ஒண்டுமில்லை. வெள்ளையாக் கிடக்கு."

திரையில் அவன் நிற்கும் இடத்தைக் காட்டும் புள்ளி என் வளைவுக்குள் மினுங்கியது. பயத்தில் எனக்கு அழுகை வந்தது.

"தம்பி, உந்தக் கரையை நான் பாத்துக் கீறேல்லை. சும்மா கீறினது."

வள்ளத்தில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப இன்னும் கொஞ்சம் கீறுங்கோ அக்கா. ஆறு வரைக்கும். அது மெய்யான ஆறுதானே, அங்கை பிளேன் இறங்கும்."

வளைவின் நுனியிலிருந்து ஒரு கால்வாய் இழுத்தேன்.

"ஓம், வழி விடுது," என்றான். வள்ளத்தின் என்ஜின் உயிர்பெற்றது, புள்ளி நகர்ந்தது.

ஆற்றுக்கு இன்னும் நாற்பது கிலோமீற்றர். நான் கீறக் கீற, புள்ளி என் கோட்டின் நுனியை நெருங்கிக்கொண்டே வந்தது.

"கெதியா அக்கா," என்றான் சுலக்சன். "பின்னாலை அந்த வெள்ளை மூடிக்கொண்டு வருது."