பனிக்குக் காவல் நின்றவர்கள்

2001 ஜனவரி இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில் பனி கொட்டியது. ஊர் முழுக்க அல்ல. சிமெண்ட் கிடங்கின் பின்சுவரில் தொடங்கி, மணல்மேடுகள் மீது ஏறி இறங்கி, அல் ஐன் எல்லை வரை நூற்று நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்கு, பத்தடி அகலத்துக்கு மட்டும், உலர்த்தப் போட்ட வேட்டி மாதிரிக் கிடந்தது. இரண்டு பக்கமும் மணல் வழக்கம்போல இருந்தது. அன்று தக்காளி கிலோ இரண்டு திர்ஹம். கராஜ் ஃபோர்மேன் கலீலுர் ரஹ்மான் பனியைத் தொட்டுப் பார்த்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார், ஃப்ரீசர் வாடை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். உடனே அவருக்குக் கிடங்கு மூலையில் மூன்று வருடமாகத் தூசி படிந்து கிடந்த பதினோரு ஸ்னோமொபைல்கள் ஞாபகம் வந்தன. கடலில் ஓடும் ஸ்கூட்டர் கேட்ட முதலாளிக்கு, பனியில் ஓடும் வண்டியை யாரோ மாற்றி அனுப்பியிருந்தார்கள். பத்து மணிக்குள் பதினொன்றும் ஸ்டார்ட் ஆகிவிட்டன. பந்தயம் இப்படித்தான் பிறந்தது. அதன்பின் ஒவ்வொரு வருடமும் அதே வெள்ளிக்கிழமை பனியும் வந்தது, பந்தயமும் நடந்தது.

முதல் வருடம் வழிநெடுக வேடிக்கை பார்க்க ஆள் நின்றதால் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வருடம்தான் குட்டு வெளிப்பட்டது. காலை ஒன்பது மணி வரை பனி தானாகக் கிடக்கும். அதற்குமேல் பக்கத்தில் ஆள் நின்றால்தான் நிற்கும். பாதி வழியில் நின்ற ஒருவர் பரோட்டா சாப்பிடப் போன இருபது நிமிடத்தில் மூன்று கிலோமீட்டர் கரைந்துபோய், நான்கு வண்டிகள் மணலில் மூக்கைக் குத்திக்கொண்டன. அதிலிருந்து மூன்றரை கிலோமீட்டருக்கு ஒரு கம்பம், கம்பத்துக்கு ஓர் ஆள் என்று நாற்பது பேர் நின்றார்கள். வெல்டர்கள், கொத்தனார்கள், பிளம்பர்கள். வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளைக் கொடுத்துவிட்டு, ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்குச் சிரித்த முகத்தோடு நின்ற புண்ணியவான்கள்.

இருபத்துமூன்றாம் கம்பம் பாலகுருவுடையது. கீரனூர்க்காரர், வெல்டர். பந்தயம் தொடங்குவதையும் அவர் பார்த்ததில்லை, முடிவதையும் பார்த்ததில்லை; அவருக்குப் பந்தயம் என்றால் ஒரு வளைவில் பதினோரு பாய்ச்சல், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லும்போது மனிதருக்குக் குரலே மாறிவிடும். அவருடைய குறை ஒன்றே ஒன்று. மனைவி ஜோதிமணி நம்பவில்லை. அந்தப் பனி போட்டோவிலும் விழாது; எல்லாப் படத்திலும் பாலகுரு கம்பளிக் குல்லாயோடு வெறும் மணலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ரூமில் ஏசி இருக்கிறது, வேலை லேசு, மூன்று வேளையும் நல்ல சாப்பாடு என்று அவர் போனில் சொன்ன பொய்களையெல்லாம் ஜோதிமணி நம்பினாள். சொன்ன ஒரே உண்மைக்கு மட்டும், "வெயில்ல மண்டை காஞ்சு போச்சா? தலைக்கு எண்ணெய் வைங்க" என்பாள். பாலகுருவுக்கு அது உள்ளூர வலித்தது.

2009 பிறந்ததும் சைட் நின்றுபோய், பாலகுருவுக்கு விசா கேன்சல் ஆகி, பந்தயத்துக்கு மறுநாள் கழித்து ஞாயிறு விடிகாலைக்கு டிக்கெட்டும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, ஷார்ஜா டவுனுக்குள் ரோலாவில் குடும்பத்தோடு இருந்த இன்ஜினியர் ரகுநாதன், நாற்பது தொண்டர்களுக்கும் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார். ஆளுக்கொரு பொன்னாடை, ஆளுக்கொரு பித்தளை ஷீல்டு. வெள்ளிக்கிழமை தவிர யாருக்கும் லீவு கிடையாது என்பதால் ஜனவரி இரண்டாம் வெள்ளி காலை பத்து மணிக்கு ஹால் பிடித்தார். அது பந்தய நாள் என்பது அழைப்பிதழ் அச்சாகி, எல்லார் கைக்கும் போன பிறகுதான் உறைத்தது. வேறு நாளுக்கு ஹாலும் இல்லை.

பாலகுருவுக்கு அந்த ஷீல்டு வேண்டும். ஜோதிமணியின் வீட்டில் குடம், தூக்குவாளி என்று எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும்; பித்தளையில் வெட்டிய எழுத்தை மட்டும் அவள் சந்தேகித்ததே இல்லை.

"பாய், என் கம்பத்துல ஒரு மணி நேரம் யாராச்சும் நிப்பாங்களா?"

"யாரு இருக்கா? நாப்பது பேரையும்ல ஸ்டேஜுக்குக் கூப்பிட்டிருக்காங்க. நீ போயிட்டு வா தம்பி. எட்டு வருசம் நடத்துனது போதும். இந்த வருசத்தோட பந்தயம் கலாஸ்" என்றார் கலீலுர் ரஹ்மான்.

வெள்ளிக்கிழமை காலை பாலகுரு இஸ்திரி போட்ட சட்டையோடு ரோலா பஸ்ஸுக்கு நின்றார். ஆறேகாலுக்குப் பனி விழுந்தது. ரோலா பஸ் வந்தது, கதவைத் திறந்தது, காத்திருந்தது, போய்விட்டது. தன்னையே திட்டிக்கொண்டு அவர் கம்பங்களுக்குப் போகும் கேம்ப் பஸ்ஸில் ஏறினால், உள்ளே முப்பத்தொன்பது பேரும் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு யாரோ ஒருவர் சிரிக்க, பஸ்ஸே குலுங்கியது.

ஹாலில் ரகுநாதனும் அவர் மனைவி ஜெயபாரதியும் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அவங்க வரலேன்னா என்ன, நாம போவோம்" என்றாள் ஜெயபாரதி. அரைமணியில் கோட்டு, டையோடு ரகுநாதன் கடைசி ஸ்னோமொபைலின் பின்சீட்டில் ஏறினார். கம்பத்துக்குக் கம்பம் வண்டி நின்றது. இருபத்துமூன்றாம் கம்பத்தில் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார்.

"சீக்கிரம் கிளம்புங்க சார், வெயில் ஏறுது" என்றார் பாலகுரு. ரகுநாதன் கை தட்டினார். அந்த வண்டி நான்கு மணி நேரம் பிந்தி எல்லையைத் தொட்டதாகவும், வென்ற வண்டிக்குக் கிடைக்காத கைத்தட்டல் அதற்குக் கிடைத்ததாகவும் சொல்கிறார்கள். பொன்னாடை வாங்கியவர்கள் வழக்கமாக அதை மடித்துப் பீரோவில் வைப்பார்கள். இந்த நாற்பது பேர் குளிருக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

வண்டி போனபிறகுதான் பாலகுரு ஷீல்டைப் படித்தார். ஷார்ஜாவில் பனியாவது என்று எழுத்து வெட்டிய கடைக்காரர் தாமே திருத்தி, 'மணல்வண்டிப் பந்தயம்' என்று அழகாக வெட்டியிருந்தார். பாலகுரு அதைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்; அதேதான். இருந்தாலும் கடைசி வண்டி எல்லையைத் தொட்ட சேதி வரும் வரை கம்பத்தை விட்டு நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் கீரனூரில் ஜோதிமணி ஷீல்டை வாசித்தாள். "மணல்வண்டிதான? அதான பாத்தேன்" என்றாள். பெட்டியிலிருந்து பொன்னாடையை எடுத்து, தூசி போகட்டும் என்று வாசலில் நின்று ஒரு உதறு உதறினாள். பனி கொட்டியது. வாசற்படியிலிருந்து தெருக்குழாய் வரை பத்தடி அகலத்துக்குக் கொட்டிக் கிடந்தது. அவள் தொட்டுப் பார்த்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள். உச்சி வெயில் சுள்ளென்று அடித்தது. எட்டு வருடம் போனில் கேட்ட ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. சேலைத் தலைப்பைத் தலைக்குப் போட்டுக்கொண்டு பனியின் ஓரமாகப் போய் நின்றாள்.

"சோறு வடிச்சு வச்சிருக்கேன், போட்டுச் சாப்பிடுங்க. நான் இங்க நிக்கிறேன்."