பாப்பா வராத வகுப்பு

அம்மாவின் பழைய மாணவி நெட்டை வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்ததுமே, மகள் அந்தத் துணிப்பையைக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். தள்ளிய வேகத்தில் பைக்குள் இருந்த இடுப்பெலும்பு சுவரில் முட்டி ‘டக்’கென்றது. கூடத்தில் அம்மா கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தாள். விடிகாலையில் உயிர் போயிருந்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அதற்குள் பள்ளியிலிருந்து வேன் வேனாக வந்து இறங்கிவிட்டார்கள்.

பிரசவ நர்சுகளைப் பழக்கும் பள்ளி அது. அம்மா அங்கே முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்தியவள். வந்தவர்கள் எல்லோரும் அவளிடம் படித்தவர்கள். ஒருத்தி பாக்கியில்லாமல் “அம்மா, அம்மா” என்று அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மா என்று அழ நிஜமாகவே உரிமை உள்ள ஒரே ஆள், வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு இது கொஞ்சம் அசிங்கம்தான். என்ன செய்வது, எரிந்தது.

அந்த எரிச்சலுக்கெல்லாம் மூலகாரணம் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

பள்ளியில் அம்மாவுக்குக் கொடுத்தது வெறும் பிளாஸ்டிக் இடுப்பெலும்பு. சதையை அவளே தைத்துக்கொண்டாள். முன்பக்க எலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரை, தூளி மாதிரித் தாங்கி நிற்கும் சிவப்புக் கம்பளிப் பட்டைகள், ஓரமெல்லாம் எலாஸ்டிக். மூத்திரத்துக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, மலத்துக்கு ஒன்று என மூன்று வாசல்கள். பிள்ளை வரும் வாசலுக்கும் மலவாசலுக்கும் நடுவே, பட்டைகள் எல்லாம் வந்து கூடுகிற இடத்தில், ஒரு நீலப் பொத்தான்.

“எல்லாத் தசையும் இந்த ஒரு எடத்தைத்தான் புடிச்சிட்டு நிக்குது. இது கிழிஞ்சா அவளுக்கு ஆயுசுக்கும் தொல்லை. தலை வர்றப்ப உங்க உள்ளங்கை இங்கதான் இருக்கணும், புரியுதா?” வீட்டில் பாடம் சொல்லிப் பார்க்கும்போது அம்மா சுவரைப் பார்த்துக் கேட்பாள்.

அந்தப் பொத்தான் மகளின் மூன்றாம் வகுப்புச் சீருடைக் கோட்டிலிருந்து வெட்டியது. அந்த வருஷம் முழுக்க அவள் கோட்டில் சேஃப்டி பின் குத்திக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

பொத்தானையாவது மன்னித்துவிடலாம். பொம்மையை எப்படி மன்னிப்பது? பழைய போர்வைத் துணியில் தைத்த, மொட்டைத் தலைப் பொம்மை. வீட்டில் அதற்குப் பேர் பாப்பா. வகுப்புக்கு முப்பது பேர், ஆளுக்கு நாலு தடவை, முப்பத்தொரு வருஷம். அது அம்மா கைக்குள் எத்தனை ஆயிரம் தடவை பிறந்திருக்கும் என்று தெய்வத்துக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் “வந்துட்டியா தங்கம்” என்று அம்மா அதை ஏந்திக்கொள்வாளாம். மகள் பிறந்ததோ ஒரே ஒரு தடவை. அதுவும் வயிற்றைக் கீறி எடுத்தது. அதைப் பற்றி அம்மா வீட்டில் வாயே திறந்ததில்லை. கேட்டால், “நடந்தது நடந்துபோச்சு, போய்ப் படி” என்பாள். வழியாக வந்ததற்குத் தங்கப் பட்டம். வழி தெரியாமல் நின்றவளுக்கு சேஃப்டி பின்.

ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாளும் மகள்தான் பக்கத்தில் இருந்தாள். வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, வாய் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டுப் பார்த்துக்கொண்டாள். நேற்று மத்தியானம் அம்மா கண்ணைத் திறந்தாள். மகள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

“பை... பத்திரம்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சில்லை.

காலையில் வீட்டுக்கு வந்ததும் மகள் ஒரு முடிவு எடுத்தாள். மத்தியானம் ஒரு மணிக்கு வண்டி வரும். பெட்டியை மூடுவதற்கு முன்னால் பையை அம்மாவின் காலடியில் வைத்துவிடுவது. பார்க்கிறவர்கள், ஆகா என்ன பாசம் என்பார்கள். அது பாசமில்லை என்பது அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷத்துச் சக்களத்தியைக் குழிக்குள் போட்டு மூட இதைவிட்டால் வேறு வாய்ப்புக் கிடைக்காது.

நெட்டை அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளறைக்கு வந்தாள். அம்மாவின் இடத்தில் இப்போது பாடம் நடத்துகிறவள் அவள்தான். அம்மா ரிட்டயர் ஆன பிறகும், வகுப்பு நாளில் வந்து பையை வாங்கிப்போய்ச் சாயங்காலம் திருப்பிக் கொடுப்பாள். வாசல் நிலையில் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது.

“அக்கா, அந்தப் பை...”

“அது அம்மாகூடப் போகுது.”

“கூடன்னா?”

“பெட்டிக்குள்ள. அவங்களுக்கு அதுமேலதான உசுரு.”

கட்டிலோரம் உட்கார்ந்திருந்த இரண்டு நர்சுகள் இதைக் கேட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். “பெத்த பொண்ணு பெத்த பொண்ணுதான்” என்றாள் ஒருத்தி. நெட்டை அந்த இருவரையும் கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“சரிக்கா. உங்க இஷ்டம். போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கறேன். மணி ரெண்டும் உள்ள இருக்கான்னு பாக்கணும்.”

“என்ன மணி?”

நெட்டை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “உங்களுக்குக் காட்டினதே இல்லியா?”

மகளுக்குச் சுருக்கென்றது. அவளே குனிந்து பையை இழுத்துக் கட்டில்மேல் போட்டாள். அடியில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதற்குள் நூல் கோத்த ஊசி ஒன்று, சுண்டைக்காய் அளவில் இரண்டு மரமணிகள். சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். ஏதோ அறுந்துபோன மாலையில் மிஞ்சியது என்று நினைத்திருந்தாள்.

நெட்டை இடுப்பெலும்பை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே இரண்டு பக்கமும் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த எலும்பில், பக்கத்துக்கு ஒன்றாக மணிகளைக் கட்டினாள்.

“பாப்பாவைப் புடிங்க. மேலேர்ந்து தலையை உள்ள விட்டுத் தள்ளுங்க.”

“எனக்கெதுக்கு இந்த வேலையெல்லாம்?”

“தள்ளுங்கக்கா.”

மகள் தள்ளினாள். பாதி தூரம் சுலபமாகப் போன தலை, மணிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தாள். சாய்த்து அழுத்தினாள். கீழே கம்பளிப் பட்டை புடைத்ததே தவிர, பொம்மை வரவில்லை. அவளுக்குக் கோபம் வந்து, இரண்டு கையாலும் அழுத்தினாள்.

“வராதுக்கா. எப்படித் தள்ளினாலும் வராது. இது டீச்சரோட அளவு.”

மகளின் கை அப்படியே நின்றது.

“ஒவ்வொரு பேட்ச்சுக்கும் கடைசி வகுப்பு இது. சொல்லாம கொள்ளாம மணியைக் கட்டிட்டு வந்து, வரிசையா எங்களைத் தள்ளச் சொல்லுவாங்க. ஒருத்தராலயும் முடியாது. நாங்க மொதல்ல சிரிப்போம். அப்புறம் ஒருத்தி அழுதுடுவா. அப்பதான் சொல்லுவாங்க. ‘பத்தொம்பது மணி நேரம் எம்பொண்ணு இங்க முட்டிட்டு நின்னா. அவ மேல ஒரு தப்பும் இல்ல. எங்கிட்ட வழி இல்ல. பக்கத்துல நின்ன நர்சு, தள்ளு தள்ளுன்னே கத்திட்டு இருந்தா. ஒரு விரலை விட்டு இந்த எலும்பைத் தொட்டுப் பாக்கல. தொட்டுப் பாக்காதவ இந்த வேலைக்கு வரக்கூடாது’ன்னு.”

கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

“அப்புறம் பாப்பாவை மேல் வழியா வெளிய எடுப்பாங்க. மத்த நாள்லாம் ‘தங்கம்’னுட்டு அடுத்தவ கையில குடுத்துடுவாங்க இல்ல? அன்னிக்கு மட்டும் யாருக்கும் தர மாட்டாங்க. மடியில வெச்சுக்கிட்டேதான் மிச்சப் பாடமெல்லாம்.” நெட்டை மூக்கை உறிஞ்சினாள். “கோச்சுக்காதீங்கக்கா. உங்களைப் பாக்கறதுக்கு முன்னாடியே எங்க பேட்ச்ல முக்காவாசிப் பேருக்கு உங்க மேல பொறாமை. எனக்கு இன்னும் இருக்கு.”

“எம்மேலயா?” மகளுக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாகவே முடியுமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்ததால் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே.”

“எப்படிச் சொல்லுவாங்க?” என்றாள் நெட்டை.

பொம்மை இன்னும் எலும்புக்குள் பாதியில் நின்றுகொண்டிருந்தது. மகள் மேல்பக்கமாகக் கையை விட்டு, தலைக்கு அடியில் விரல் கொடுத்து, மெதுவாக வெளியே எடுத்தாள்.

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. அவள் கணவர் கதவைத் தட்டினார். “வண்டி சீக்கிரமே வந்துடுச்சு. பெட்டிக்குள்ள ஏதோ வெக்கணும்னியே?”

“ஒண்ணும் இல்லைங்க. அஞ்சு நிமிஷம் இருக்கச் சொல்லுங்க.”

அவள் அழுத்திய அழுத்தத்தில் நீலப் பொத்தான் பிய்ந்து ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. “குடு இப்படி” என்று நெட்டையிடமிருந்து இடுப்பெலும்பை வாங்கினாள். இத்தனை வருஷமும் நெட்டையிடம் அவள் “நீங்க” என்றுதான் பேசியிருக்கிறாள். தீப்பெட்டியிலிருந்து அம்மா நூல் கோத்து வைத்திருந்த ஊசியை எடுத்தாள். மூக்குக்கண்ணாடியின் குட்டித் திருகாணிகளோடு பழகிய விரல்கள். பட்டைகள் எல்லாம் வந்து கூடும் அந்த இடத்தை அவை தேடாமலே கண்டுபிடித்தன. நாலு சுற்றுப் போதும். அவள் எட்டு சுற்றுப் போட்டாள்.

தைப்பதற்கு மடியில் இடைஞ்சலாக இருக்கிறதே என்று நெட்டை பொம்மையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

“இருக்கட்டும்” என்றாள் மகள். பொம்மையை மடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு, குனிந்து, நூலைப் பல்லால் கடித்தாள்.